புதுப்பிப்பு: கார்ப்பெட்டில் கவிழும் பக்கி

முன்பு கேட்டது இதுதான்: நாகர்கோவில் பக்கம் மண்டபத்தில் கார்ப்பெட் விரித்து ஓட்ட எந்த 1/10 டூவீல் டிரைவ் பக்கி (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கரம் மட்டும் சுழற்றும் ரிமோட் கார்) வாங்கலாம், வளைவில் ஏன் கவிழுது? இப்போ வண்டி கவிழாமல் ஓடுது.

பின்பக்க மோட்டார் கிட் புழுதிக்கு. கார்ப்பெட்டுக்கு மிட் மோட்டார்தான் (பின் ஆக்ஸிலுக்கு முன்னால் மோட்டார்), அதுவும் கியர்பாக்ஸ் படுத்த வகை. எடை தாழ்வாக இருக்கும்.

கவிழ்வதற்குப் பெரும்பாலும் முன் டயர்தான் காரணம். பக்கச்சுவர் மடங்கித் தரையைக் கவ்வினால் வண்டி உருண்டுவிடும். வெளிச்சுவரில் மட்டும், விளிம்பு வரைக்கும் சிஏ பசை (சூப்பர் குளூ) மெல்லிசாக ஒரு கோட், காய்ந்ததும் இன்னொன்று. தரையைப் பிடிக்கும் டயர் முட்களில் படக்கூடாது. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டே, ஈரக்காற்றில் பசை சட்டென்று இறுகி வெள்ளைப் படலம் கட்டும். அது பரவாயில்லை, குப்பியைத்தான் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைக்கணும், இல்லாட்டி உள்ளேயே கெட்டியாகிடும்.

அடுத்து, தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள உயரம். பேட்டரியோடு முன்னும் பின்னும் 17 மிமீயில் தொடங்குங்கள். இன்னும் உருண்டால் ஷாக்குக்குள் 1 மிமீ ஸ்பேசர் போட்டு அது நீளும் அளவைக் குறைக்கவும், பிறகு முன் ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடவும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

மார்த்தாண்டத்திலிருந்து கேட்ட தம்பிக்கு: சின்ன ஹாலுக்கு 17.5 டர்ன் (கம்பிச் சுற்று எண்ணிக்கை; சுற்று கூடினால் வேகம் குறையும்) மோட்டாரே தாராளம். வேகமான மோட்டாருக்குப் போடும் பணத்தில் டயர் வாங்குங்க.

ஓட்டி முடித்ததும் ஆக்ஸிலில் சுற்றிய கார்ப்பெட் நூலை ட்வீசரால் எடுங்கள். விட்டால் பேரிங் சீல் போகும்.