சொல் தேவை: வேறு கதையுலகிலிருந்து வந்து சேரும் அட்டைகள்

மடல் 1 / வெள்ளவத்தையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

நமது சொற்றொகுதியில் அட்டை விளையாட்டுப் பகுதியை நிரப்பும் வேலையை நானே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கட்டு, பொதி, உறை, தொகுதி வரையில் தொல்லை எதுவும் இல்லை. 'குரொஸ்ஓவர்', அதாவது வேறு கதையின் மாந்தர் ஒரு விளையாட்டின் அட்டைகளுக்குள் வந்து சேர்வது, என்ற இடத்தில் இரண்டு கிழமையாக நிற்கிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். 'மேஜிக்: த கேதரிங்' 1993இல் வெளிவந்தது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். பொதி பொதியாக வாங்கிச் சேர்த்து, நண்பர்களுடன் மாற்றிக்கொண்டு, 60 அட்டைகளைக் கட்டாக அமைத்து ஆட வேண்டும். அதற்கென்று சொந்தக் கதையுலகமும் சொந்த மாந்தரும் உண்டு. அந்த வீட்டுக்குள் சில ஆண்டுகளாக வெளியார் வருகிறார்கள். 2020இல் ஜப்பானியத் திரைப்பட அரக்கன் காட்ஸில்லா வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் 'த வோக்கிங் டெட்' தொலைக்காட்சித் தொடரின் மாந்தர் வந்தார்கள். 2023இல் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' வந்தது. அதில் ஒரேயொரு பிரதி மட்டும் அச்சிட்ட மோதிர அட்டையைப் பாடகர் போஸ்ட் மலோன் இருபது இலட்சம் டொலர் அளவில் வாங்கினார். 2025இல் நிலைமை இன்னும் முற்றிவிட்டது. அந்த ஆண்டின் ஆறு பெருந்தொகுதிகளில் மூன்று வெளியாருடையவை.

என் மனநிலையை மறைக்க விரும்பவில்லை. கூத்து மேடையில் அருச்சுனன் வில்லை எடுக்கிற நேரத்தில் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் வந்து நின்றால் எப்படி இருக்கும்? என் டிராகனுக்கு எதிரே ஸ்பைடர்மேன் வந்து நின்றபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் என்னிடம் இருப்பவற்றில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பதும் ஒரு காட்ஸில்லா அட்டையைத்தான். ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிடுங்கள்.

சிறப்போவிய அட்டைகளும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒரே அட்டை சாதாரணமாகவும், ஓரமில்லாமல் முழுப் படமாகவும், மினுங்கும் தாளிலும் வருகிறது. பார்க்க அழகு. மேசையில் எதிரே இருப்பவர் போட்டால், அது எந்த அட்டை என்று ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். மினுங்கும் அட்டைகளுக்கு வெள்ளவத்தைக் கடற்காற்றும் ஆவதில்லை. கடதாசி ஈரத்தைக் குடித்து விரிகிறது. மேலே ஒட்டிய மினுங்குப் படலம் விரிவதில்லை. ஒரு மாதத்தில் அட்டை வள்ளம் போல வளைந்துவிடும். மாத்திரைப் போத்தலுக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளை எல்லாம் சேர்த்து அட்டைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரரைப் போலத்தான் என் மேசை இருக்கிறது.

சொல்லுக்கு வருகிறேன். 'குறுக்குக் கலப்பு' என்றால் உயிரியல் படித்தவர்களுக்கு நிறமூர்த்தம்தான் நினைவுக்கு வரும். 'வேற்றுலக அட்டை' என்றால் பறக்கும் தட்டு. என் முன்மொழிவு: இரவல் அட்டை. காரணம், அந்த மாந்தர் எல்லாரும் உரிமம் பெற்று வந்தவர்கள்; உரிமம் எட்டாத இடத்தில் நிற்க முடியாது. 2025 செப்டெம்பரில் ஸ்பைடர்மேன் தொகுதி வந்தபோது, 'மேஜிக் அரீனா' என்ற கணினி வடிவத்தில் அந்தப் பெயர்களையும் படங்களையும் பயன்படுத்த முடியவில்லை. அதே அட்டைகளை வேறு பெயருடனும் வேறு ஓவியத்துடனும் வெளியிட்டார்கள். இரவல் நகைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

மடல் 2 / பம்பலப்பிட்டியிலிருந்து

தம்பி,

உங்கள் மடலை இரண்டு முறை வாசித்தேன். 'இரவல்' நல்ல சொல்தான். ஆனால் நீங்கள் அதைச் சொல்லாகத் தேடவில்லை. கல்லாகத் தேடி எடுத்திருக்கிறீர்கள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை தெரிந்த எவருக்கும் அந்தச் சொல்லில் இருக்கும் குத்தல் விளங்கும். கலைச்சொல்லுக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. முப்பது ஆண்டு மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தவன் சொல்கிறேன்: பொருளை அறியாமல் ஆக்கிய சொற்களைவிடப் பொருளின் மீது கோபத்தோடு ஆக்கிய சொற்களே விரைவில் செத்தன.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் சொல் ஆக்கத்தான் வேண்டுமா என்று கேட்கும் பழக்கமும் நமக்கு இருக்க வேண்டும். இஸ்கோப்பன், கலாவரை, ஆட்டின் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சீட்டுக்கட்டின் நிறங்களுக்குச் சொன்னவை எல்லாம் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்கள். ஒருவரும் அவற்றுக்குக் குழு அமைக்கவில்லை. சீட்டு என்ற சொல்லை நீங்கள் தவிர்த்ததும் சரி. இந்த ஊரில் சீட்டு என்றால் மாதம் கட்டும் காசு, அல்லது அதிர்ஷ்டலாபச் சீட்டு. (நீங்கள் சொல்லும் பொதியும் ஏறக்குறைய அதிர்ஷ்டலாபச் சீட்டுத்தான் என்று என் பேரன் சொல்கிறான். அது வேறு பிரச்சினை.)

எனக்கு உங்கள் விளையாட்டுத் தெரியாது. நம் வீடுகளில் ஆடும் 304 என்ற ஆட்டம் தெரியும். அதில் 32 அட்டைகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு நிறத்துக்கு 76, நான்கு நிறத்துக்கு 304. ஜாக்கின் முகத்தில் யாருடைய படத்தை அச்சிட்டாலும் அதற்கு 30தான். ஆனால் அந்த 32க்குள் ஒருவர் புதிதாக ஓர் அட்டையைச் செருகினால், அது வேறு ஆட்டம். நீங்கள் ஒரே மூச்சில் சொன்ன காட்ஸில்லாவும் தொலைக்காட்சி மாந்தரும் இந்த இரண்டில் எது எது? அதைத் தெரிந்துகொள்ளாமல் சொல் ஆக்க முடியாது.

என் பங்குக்கு ஒரு சொல்லை வைக்கிறேன்: விருந்து. இன்றைக்குச் சோறும் கறியும் என்று சுருங்கிவிட்டாலும், அதன் பழைய பொருள் புதுமை. புதிதாக வருபவர் விருந்து. தொல்காப்பியர் எண்வகை வனப்பில் ஒன்றாக விருந்தைச் சொல்வதும் புதியதாகப் புனைவதைத்தான். விருந்தட்டை. சொல்லிப் பாருங்கள்.

மடல் 3 / கொட்டாஞ்சேனையிலிருந்து

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் வணக்கம். இந்தக் குழுவில் வாசிப்பதோடு நிற்பவள் நான். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணா, நான் இந்த விளையாட்டுக்குள் வந்ததே 2025 ஜூனில், 'ஃபைனல் ஃபேன்டசி' தொகுதியோடு. தம்பியும் நானும் ஒரே கதிரையில் நெருக்கி உட்கார்ந்து ஆடிய வீடியோ விளையாட்டு அது. அந்த மாந்தரை அட்டையில் பார்த்ததும் வாங்கினேன். பிறகுதான் விதி படித்தேன். அதற்குப் பிறகுதான் உங்கள் டிராகன்களைத் தெரியும். நீங்கள் 'இரவல்' என்று எழுதும்போது என்னையும் சேர்த்து இரவல் என்கிறீர்கள். அந்தத் தொகுதி ஒரே நாளில் 20 கோடி டொலருக்கு விற்றதாக, மேஜிக்கின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் தலைவர் சொன்னார். அதில் பெரும்பகுதி பெட்டி பெட்டியாகப் பதுக்குகிறவர்களின் காசாக இருக்கலாம். ஒரு பொதி மட்டும் என்னுடையது. அந்த விலைக்கு இருவர் வயிறாரக் கொத்துரொட்டி சாப்பிட்டிருக்கலாம்.

சிறப்போவியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் கழுத்து வலியோடு மட்டும் முடித்துவிட்டீர்கள். 2023இல் அம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகமும் போக்கிமோன் என்ற இன்னோர் அட்டை விளையாட்டுக்காரரும் சேர்ந்து, ஓவியரின் சாம்பல் தொப்பியை அந்த விளையாட்டின் பிக்காச்சுவின் தலையில் வைத்து ஓர் அட்டை கொடுத்தார்கள். மறுவிற்பனைக்காரர்கள் நெரித்த நெரிசலில் அடுத்த மாதமே அருங்காட்சியகம் அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. வெட்கக்கேடுதான். ஆனால் என் மாணவி ஒருத்தி அந்த அட்டையின் படத்தைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, "மிஸ், உண்மையான தொப்பிக்காரர் யார்?" என்று கேட்டாள். 1887இல் வரைந்த ஓவியத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்ட எனக்கு வேறு எந்தச் சாக்குக் கிடைத்திருக்கும்?

ஐயா கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. காட்ஸில்லா அட்டையில் பெயர்ப் பட்டையில் காட்ஸில்லாவின் பெயர் இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் மூல அட்டையின் பெயர் இருக்கும். விதி அந்தச் சிறிய எழுத்தைத்தான் பார்க்கும். ஒரே பெயரில் நான்கு அட்டைக்கு மேல் கட்டில் வைக்கக் கூடாது என்பதால் இது முக்கியம். மூல அட்டை இரண்டு, காட்ஸில்லா முகத்தோடு மூன்று என்று வைத்தால் ஐந்தாகிவிடும், ஆட விடமாட்டார்கள். அது ஐயாவின் ஜாக்: முகம் மட்டும் மாறியிருக்கிறது. 'த வோக்கிங் டெட்' அப்படியில்லை. அதற்கு முன் இல்லாத அட்டைகள், புதிய ஆற்றல்கள். அதுவும் சில நாள்கள் மட்டுமே விற்றார்கள். அப்போது ஆட்டக்காரர்கள் கொதித்தது அதனால்தான் என்று பிறகு வாசித்தேன்.

அப்படியானால் முதல் வகை 'அட்டை' என்ற பெயருக்கே உரியதல்ல. அது ஒரு பதிப்பு. அண்ணா கூத்து மேடையைச் சொன்னார். அங்கிருந்தே எடுக்கலாமே: வேடப்பதிப்பு. இரண்டாவது வகைக்கு மட்டும் ஐயாவின் விருந்தட்டை.

மடல் 4 / வெள்ளவத்தையிலிருந்து

தங்கச்சி, அந்தச் சொல் உங்களைத் தொடும் என்று நான் யோசிக்கவில்லை. 'இரவல்' என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் ஐயாவிடம் ஒரு முறைப்பாடு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஆறில் மூன்று அறையை எடுத்துக்கொண்ட பிறகும் அவர் விருந்தா?

வேடப்பதிப்பு எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஏன் என்று நேற்றிரவு பஸ்ஸில் வரும்போது விளங்கியது. நான் காட்ஸில்லாவை விரும்புவதும் ஸ்பைடர்மேனைக் கண்டு முகம் சுளிப்பதும் முரண் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள். வேடப்பதிப்பு எனக்கு ஒன்றையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பமில்லாதவன் மூல அட்டையையே ஆடலாம். விருந்தட்டையில் அந்த வழி இல்லை. அது வலிமையான அட்டை என்றால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நான் அதை வாங்க வேண்டும், அல்லது அதனிடம் தோற்க வேண்டும்.

மடல் 5 / பம்பலப்பிட்டியிலிருந்து

தம்பி,

மூன்று நாள் கணக்கு விருந்தினருக்கு, சொல்லுக்கு இல்லை. நெடுநாள் தங்கினால் மருமகன் என்று பெயர் மாற்றிக்கொள்ளலாம்.

புணர்ச்சி பற்றி ஒரு குறிப்பு. வேடத்தோடு அட்டையைச் சேர்த்தால் 'வேடவட்டை' என்று வந்து, படிப்பவர் வட்டையைத் தேடுவார். 'பதிப்பு' என்று பிள்ளை எடுத்தது அந்த வகையிலும் நல்லதாகப் போயிற்று. சொல் வாக்கியத்தில் நடக்கிறதா என்றும் பாருங்கள்: "இந்தச் சுற்றில் விருந்தட்டைகளுக்கு இடமில்லை, வேடப்பதிப்புகளை மூலப் பெயரில் கணக்கிடுவோம்." எனக்கே விளங்குகிறது. விளையாட்டே தெரியாத எனக்கு விளங்கினால் போதும்.

மடல் 6 / வெள்ளவத்தையிலிருந்து

ஐயா, தங்கச்சி, சொற்றொகுதிக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்.

வேடப்பதிப்பு: ஏற்கனவே உள்ள அட்டையை, வேறு கதையுலக மாந்தரின் பெயரும் ஓவியமும் பூட்டி அச்சிட்டது. ஆட்டத்தில் மூலப் பெயரே செல்லும்.

ஓவியப் பதிப்பு: பெயரும் விதியும் அப்படியே இருக்க, ஓவியமோ ஓரமோ தாளோ மாறியது. (கழுத்து வலியைக் குறிப்பிடவில்லை. பிக்காச்சுவின் தொப்பிக்காக விட்டுக்கொடுத்தேன்.)

விருந்தட்டை: வேறு கதையுலகிலிருந்து வந்து, தனக்கென்று பெயரும் விதியும் கொண்ட புதிய அட்டை.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. 'த வோக்கிங் டெட்' அட்டைகளுக்குப் பிறகு உள்ளூர்ப் பெயரும் உள்ளூர் ஓவியமும் கொடுத்து மறுபடி அச்சிட்டார்கள். ரிக் என்று வந்தவர் கிரேமண்ட் ஆனார். விதி இருவரையும் ஒரே அட்டையாகவே பார்க்கிறது. அரீனாவின் ஸ்பைடர்மேன் அட்டைகளும் அப்படித்தான். இங்கே முதலில் வந்தவர் விருந்து; பின்னால் வந்தது வீட்டுக்காரரின் உடை. இதையும் வேடப்பதிப்பு என்பதா, வேடம் களைந்த பதிப்பு என்பதா? வேடம் எது, முகம் எது என்றே எனக்குப் பிடிபடவில்லை. வரைவில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வருவதாக இருந்தால் அந்தக் காட்ஸில்லாவைக் கொண்டுவருகிறேன். மாணவியையும் கூட்டிவாருங்கள். உறையை விட்டு வெளியே எடுக்க வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏற்கனவே வளைந்துதான் இருக்கிறது.