ஹெட் கோச் ஆஃபென்ஸ் ஆளா இருக்கணுமா, டிஃபென்ஸ் ஆளா?

கேள்வி: அண்ணே, அமெரிக்கன் ஃபுட்பால்ல ஹெட் கோச்சுன்னா ஆஃபென்ஸ், அதாவது பாயிண்ட் எடுக்கற பக்கத்துலேருந்து வந்தவருதான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா நியூ இங்கிலாந்து டீமுக்கு ஹெட் கோச்சா இருந்த பெலிச்சிக் டிஃபென்ஸ், அதாவது தடுக்கற பக்கத்து ஆளுதானே, 6 சூப்பர் பவுல் (சீசன் ஃபைனல்) எடுத்தாரே?

பதில்: தம்பி, டிஃபென்ஸ் கோச்சுக்கு நல்ல ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (ஆஃபென்ஸ பாத்துக்கற துணை கோச்) அமைஞ்சா வேற டீம் அவர ஹெட் கோச்சா தூக்கிட்டுப் போயிடும், அதான் பிரச்சனை. 2016 சீசன்ல அட்லாண்டாவுக்கு ஹெட் கோச் டான் க்வின், டிஃபென்ஸ் ஆளு, ஆஃபென்ஸுக்கு ப்ளே (என்ன ஆடணும்னு) சொன்னது கோஆர்டினேட்டர் ஷனஹான். அந்த சீசன் சூப்பர் பவுல் நடந்த திங்கக்கிழமை காலைல யாங்கோன் டீக்கடையில மொகிங்கா (மீன் நூடுல்ஸ் சூப்) ஆறிப்போறது தெரியாம ஃபோனையே பாத்துட்டிருந்தேன், அட்லாண்டா 28-3 லீட்லேருந்து பெலிச்சிக் டீம்கிட்டயே தோத்தாங்க, மனசே விட்டுப்போச்சு, ஷனஹானும் உடனே சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு ஹெட் கோச்சா போயிட்டாரு.

இன்னொரு பதில்: அண்ணன் சொல்றது சரிதான், ஆனா பெலிச்சிக்குக்கு கோஆர்டினேட்டர் மாறுனாலும் குவாட்டர்பேக் (பந்த எறிஞ்சு ஆஃபென்ஸ நடத்துற ஆட்டக்காரர்) பிராடி மாறலையே, அந்த 6 கப்பும் பிராடி இருந்தப்ப எடுத்ததுதான். மொதல்ல குவாட்டர்பேக்கப் பாருங்க.