"எல்லா டிரெயினும் நிக்காது"ன்னா என்ன அர்த்தம்?

கேள்வி: மாம்பலம் ஸ்டேஷன்ல ஒரு அண்ணன் "எல்லா எக்ஸ்பிரஸும் இங்க நிக்காது தம்பி"ன்னார், ஒண்ணுமே நிக்காதுன்னு நெனச்சு எழும்பூர் ஓடிட்டேன், ஆனா சிலது நிக்குமாம். வாக்கியம் தப்பா, நான் புரிஞ்சுக்கிட்டது தப்பா?

பதில் 1: ரெண்டும் தப்பில்லங்க. மறுப்பு எதைப் பிடிக்குதுங்கிறதுதான் விஷயம், "எல்லாம் நிக்கும்"ங்கிறதயே மறுத்தா சிலது நிக்காது, ஒவ்வொண்ணையும் தனித்தனியா மறுத்தா ஒண்ணுமே நிக்காது. 1879ல ஃப்ரேகெங்கிற ஜெர்மன் தர்க்க அறிஞர் 'எல்லா'வுக்கே தனி குறி கொண்டுவந்தார், அதுல எழுதுனா மறுப்புக்குறி எங்க நிக்குதுன்னு கண்ணுக்கே தெரியும்.

பதில் 2: "பிரான்ஸோட இப்போதைய ராஜா வழுக்கை இல்ல"ங்கிறதுலயும் இதே மாதிரி ரெண்டு அர்த்தம் இருக்குன்னு 1905ல ரஸ்ஸல்ங்கிற ஆங்கிலத் தத்துவ அறிஞர் காட்டினார்: ராஜா இருக்கார், ஆனா வழுக்கை இல்லன்னும் எடுக்கலாம், 'வழுக்கை ராஜா இருக்கார்'ங்கிறதே பொய்ன்னும் எடுக்கலாம்.

பதில் 3: ஒண்ணுமே நிக்காதுன்னா "எந்த டிரெயினும் நிக்காது"ன்னு தமிழ்ல தனியா இருக்கே, அண்ணன் சொன்னது சரிதான்.

கேட்டவர்: அப்போ அம்மா "எல்லாரும் இன்னும் சாப்பிடல"ங்கிறப்ப? யாருமே சாப்பிடலன்னுதானே கேக்குது!