கோடு சரி, இஞ்சின் தட்டுது: உள் இஞ்சின் டைமிங் அனுபவங்கள் (ஒவ்வொண்டுக்கும் மேல இருக்கிறது எழுதினவரின்ட பேர்)

கல்லடிக் கரை
வாவியில ஆக்களை ஏத்தி ஓடுற போட். போட்டுக்குள்ள பூட்டின பெற்றோல் உள் இஞ்சின், 4 சிலிண்டர், பொயின்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கிற தொடுமுனை) வச்ச டிஸ்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடுறது. சும்மா ஓட்டத்தில டைமிங் லைட் அடிச்சா, கையேடு சொன்ன பாகையில புல்லிக் கோடு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. ஆக்கள் ஏறி, பாலத்தைத் தாண்டி த்ரொட்டிலைத் தள்ளினா தகரத்துக்குள்ள கல்லுக் கொட்டின சத்தம். பிளக்கைக் கழட்டினா வெள்ளைப் பீங்கானில மிளகுத்தூள் தூவின மாதிரிக் கரும்புள்ளி. டைமிங் கூடிப்போன, அதாவது ஸ்பார்க் முந்தி விழுற இஞ்சினின்ட கையெழுத்து அது. கோடு மட்டும் சரி எண்டு சாதிக்குது!

பிடிபட்டது கிராங்க் புல்லி. வெளிவளையத்துக்கும் நடுக்கட்டைக்கும் இடையில இருக்கிற ரப்பர் விட்டு வளையம் வழுக்கியிருக்கு, அதோட கோடும் போயிட்டு. பற்றறி வயரைக் கழட்டி, எல்லாப் பிளக்கையும் எடுத்து, 1ஆம் ஓட்டையில பிஸ்டன் தடுப்பானைப் போட்டு, கையால மெதுவா ஒரு பக்கம் முட்டும் வரை திருப்பி ஒரு கோடு, மறுபக்கம் திருப்பி ஒரு கோடு. ரெண்டுக்கும் நடுவில வாறதுதான் பிஸ்டனின்ட உண்மையான மேல்நிலை. பழைய கோட்டுக்கும் அதுக்கும் 11 பாகை வித்தியாசம்.

வாழைச்சேனைத் துறை
புல்லியில கைவைக்க முதல் பொயின்டைப் பாத்தீங்களா? அங்கதான் பாதிப்பேர் பிழைவிடுறது. இடைவெளியைக் கூட்டினா டைமிங் முன்னுக்குப் போகும், குறைச்சாப் பின்னுக்கு வரும். அதனால இடைவெளி முதல், டைமிங் மறுகா. டைமிங் வச்ச பிறகு பொயின்டைத் தொட்டா வச்சது வச்சதில்ல. பொயின்டைத் திறக்கிற கேம்ல எண்ணெய் வைக்காட்டி, அதில உரசுற தேய்ப்புக்கட்டை சீக்கிரம் தேயும், இடைவெளி தானாக் குறையும்.

பொயின்ட்ல ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மொட்டு விழுந்திருந்தா இடைவெளி அளக்கிற பீலர் தகடு மொட்டில முட்டிக்கொண்டு பொய் அளவு காட்டும். டுவெல் மீற்றர் (பொயின்ட் மூடி நிக்கிற கோணத்தை அளக்கிறது) இல்லாதவங்க புதுப் பொயின்ட் போடுறது நல்லம். வாடையில மாசக்கணக்காக் கட்டிக்கிடந்த இஞ்சின் எண்டா ஸ்பார்க்கே வராது, பொயின்ட் மேல பூத்திருக்கும். நைசான தாளால ரெண்டு தேய், பிறகு கலியாணக் காட் கிழிச்ச துண்டொண்டை நடுவில வச்சு இழு. காட்ல கறுப்புப் படாமல் வாற வரைக்கும் இழுக்கணும். எண்ணெய்க் கையால தொட்டா திரும்பவும் முதல்ல இருந்து.

கல்லடிக் கரை
அண்ணன், பொயின்ட் தேஞ்சா டைமிங் பின்னுக்குத்தானே வரும்? பின்னுக்கு வந்த இஞ்சின் தட்டாது. இழுவை இல்லாமல் சோரும், எக்ஸோஸ்ட் மனிபோல்ட் கொதிக்கும். இது தட்டின இஞ்சின்.

பாசிக்குடா 2
டிஸ்ரிபியூட்டரைக் கழட்டிப் பூட்டினா ஒண்டு மறக்காதீங்க. கோடு நேரா வந்தாப் போதாது, 1ஆம் சிலிண்டர் அமுக்க அடிப்பில இருக்கணும். பிளக் ஓட்டையில விரலை வச்சாக் காத்துத் தள்ளும். தள்ளாட்டி அது மற்றச் சுற்று, கார்பரேற்றரால நெருப்புத் துப்பும். இரட்டை இஞ்சின் போட்டில ஒண்டு எதிர்ச்சுற்றா இருந்தா ஸ்பார்க் விழுற வரிசை 1-3-4-2 அங்க 1-2-4-3.

ஒலுவில் பாஸ்
காரின்ட டிஸ்ரிபியூட்டரைப் போட்டில பூட்டின கேஸ் ஒண்டு வந்தது. சும்மா ஓட்டத்தில ரெண்டும் ஒண்டு போலத்தான் தெரியும். கார்ல வக்குவம் அட்வான்ஸ் (இஞ்சின் உறிஞ்சலால டைமிங்கை முன்னுக்குத் தள்ளுறது) இருக்கு. போட்டுக்குச் செஞ்சதில அநேகமா சுற்றுக் கூடக் கூட டைமிங்கை முன்னுக்குத் தள்ளுற எடைக்கட்டை மட்டும். போட் இஞ்சின் எந்நேரமும் மேடு ஏறுற லொறி மாதிரிப் பாரம் இழுக்கும், கார் அட்வான்ஸ் அதுக்கு ஒத்துவராது. அதனால சும்மா ஓட்டத்தோட விடாமல் 3,000 சுற்றுக்கு ஏத்தி மொத்த அட்வான்ஸையும் லைட்ல பாருங்க. உப்புக்காத்தில எடைக்கட்டை துருப்பிடிச்சு நிண்டா கோடு நகராது. நகர்ந்த கோடு சுற்றைக் குறைச்சும் திரும்பி வராட்டி ஸ்பிரிங் போயிட்டு.

இதை விடப் பெரிய விசயம், போட் டிஸ்ரிபியூட்டரின்ட காத்துத் துளையில நெருப்பு வெளியேறாமல் வலை இருக்கும், கார்ல இல்ல. பெற்றோல் ஆவி காத்தை விடப் பாரம், அடித்தளத்தில தேங்கி நிக்கும். டிஸ்ரிபியூட்டருக்குள்ள எந்நேரமும் ஸ்பார்க். ஸ்டாட் பண்ண முதல் ஆவியை வெளியேத்துற புளோவரை 4 நிமிசமாவது ஓடவிடுங்க, இஞ்சின் மூடியைத் திறந்து மணந்து பாருங்க. ஸ்டாட்டர், ஒல்டனேற்றரும் போட்டுக்குச் செஞ்சதா இருக்கணும். கரையில ஏத்தி டைமிங் பாக்கிறதெண்டா தண்ணிப் பம்புக்குப் பீப்பாத் தண்ணி குடுங்க, இல்லாட்டி பம்புக்குள்ள சுத்துற ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்தில கருகும். ஒருத்தரும் கேக்கல்லதான், சொல்லாமல் விட ஏலாது.

கல்முனை டீசல்
பலநாள் போட்டுக்கு இந்த லைட் எல்லாம் என்னத்துக்கு காக்கா? யன்மார் சின்ன இஞ்சின்ல 1ஆம் சிலிண்டரின்ட குழாயைக் கழட்டி, டீசல் பம்ப் வாயில டீசலை நிரப்பி, காத்தெடுத்து, பிளைவீலை ஓடுற பக்கத்துக்கே மயிரிழை மயிரிழையாத் திருப்பணும். வாயில பளபளத்து நிக்கிற டீசல் ஒருக்காத் துடிக்கும். அந்தக் கணத்தில கோடு எங்க நிக்குதோ அதுதான் டைமிங், டீசலைப் பீச்சத் தொடங்கிற நேரம். பம்புக்கு அடியில 0.1 மில்லிமீற்றர் தகட்டை எடுத்தா ஒரு பாகையளவு முன்னுக்கு வரும்.

வாழைச்சேனைத் துறை
டீசலுக்குத் தனியாப் போடுங்க நானா, இது பெற்றோல் கதை. கல்லடித் தம்பி, கிளாம்ப் நட்டை இறுக்கின பிறகு திரும்ப லைட் அடிச்சீங்களா? இறுக்கக்குள்ள டிஸ்ரிபியூட்டர் ரெண்டு பாகை இழுபடும்.