'ரைட் இரேஸ்' கொடுத்தும் போகாத விலேன்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஒரு கல்லூரியில், லேபில் கிடந்த பழைய சிஸ்கோ 2960 நெட்வொர்க் சுவிட்சை இரண்டாம் மாடி ரேக்கில் மாட்டினேன். முந்தைய நாளே, கான்ஃபிக்கை (செட்டிங்குகளை) அழிக்கும் 'ரைட் இரேஸ்' கட்டளை கொடுத்து ரீலோட் செய்திருந்தேன். ஹோஸ்ட்நேம்கூட வெறும் 'சுவிட்ச்' என்றுதான் வந்தது. காலி என்றே நம்பினேன்.

மெயின் நெட்வொர்க்குக்குப் போகும் அப்லிங்க் கேபிளைச் செருகிய கொஞ்ச நேரத்தில் ஆபீஸிலிருந்து போன். கீழே ஓடினால், பச்சையாக இருந்த போர்ட் விளக்குகள் வரிசையாக ஆரஞ்சு. நெட்வொர்க்கின் நடுவில் இருக்கும் கோர் சுவிட்சில் 'ஷோ விலேன்' அடித்தேன். விலேன் என்றால், ஒரே நெட்வொர்க்கை எண் போட்டுப் பிரித்த தனித்தனிப் பகுதி. காலேஜ் பயன்படுத்திய 10, 20, 30 எதுவும் இல்லை. லேபில் பசங்க பழகிய 99ம் 100ம் இருந்தன. வயிற்றைக் கலக்கிவிட்டது.

'ரைட் இரேஸ்' கரண்ட் போனாலும் அழியாத என்வி-ரேமில் இருக்கும், சுவிட்ச் எழும்போது படிக்கும் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கைத்தான் அழிக்கும். விலேன் பட்டியல் ஃபிளாஷில், சுவிட்சின் ஓஎஸ்ஸான ஐஓஎஸ் இமேஜுக்குப் பக்கத்தில், 'விலேன்.டாட்' என்று தனி ஃபைலாக உட்கார்ந்திருக்கிறது. விலேன் பட்டியலைச் சுவிட்சுகளுக்கிடையே பரப்பும் விடிபியின் டொமைன் (குழு) பெயரும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறும் ரிவிஷன் எண்ணும் அதற்குள்தான். லேபில் மாற்றி மாற்றிப் பழகியதில் அந்த எண் ஏறிப்போயிருந்தது. டொமைனும் ஒன்றே, எண்ணும் பெரியது என்பதால், கோர் அதையே புதுப் பட்டியலாக எடுத்துக்கொண்டது.

நல்லவேளை, எந்த போர்ட் எந்த விலேன் என்பது அப்போது ஓடிக்கொண்டிருந்த ரன்னிங் கான்ஃபிக்கில் அப்படியே இருந்தது. லேப் சுவிட்சைக் கழற்றிவிட்டு விலேன்களைக் கையால் அடித்ததும் போர்ட்டுகளுக்கு உயிர் வந்தது. இப்போதெல்லாம் அந்த ஃபைலையும் அழித்து, தன் பட்டியலைப் பரப்பாத டிரான்ஸ்பரண்ட் மோடில் போட்ட பிறகே கேபிளைத் தொடுகிறேன்.

—

அண்ணா, எனக்கு அடி விழுந்தது, கரண்ட் போனால் அழிந்துவிடும் டி-ரேம் மெமரியில். சாயங்காலம் 18 போர்ட்டுக்கு, நெட்வொர்க் போன்களுக்கான வாய்ஸ் விலேன் போட்டேன், போன்கள் எல்லாம் வேலை செய்தன, வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டது. காலையில் ஒரு போனும் எழவில்லை. ரன்னிங் கான்ஃபிக் டி-ரேமில் மட்டும்தான் இருக்கும். அதை என்வி-ரேமில் சேமிக்கும் 'ரைட் மெமரி' அடிக்காமல் போனது என் தப்பு.

—

நான் பார்த்த சிஸ்கோ 3750 சுவிட்சில் ரேம் தாராளமாகக் காலி. ஆனாலும் சிபியு 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. நிறைந்திருந்தது டி-கேம் (TCAM): பாக்கெட்டை என்ன செய்வது என்று ஹார்ட்வேரிலேயே தேடிப் பார்க்கும் தனி மெமரி. சாதனங்களின் மேக் முகவரியைத் தேடும் சாதாரண கேமுக்கு (CAM) 0, 1 இரண்டுதான் தெரியும். டி-கேமுக்கு 'எதுவானாலும் சரி' என்ற மூன்றாவது நிலையும் உண்டு. அதனால்தான் ரூட்டுகளும், எதை விடுவது எதைத் தடுப்பது என்று சொல்லும் ஏசிஎல் விதிகளும் அங்கே போகின்றன. இடம் தீர்ந்ததும் மிச்ச பாக்கெட்டுகள் சிபியு தலையில் விழுந்தன. அன்று ராத்திரியே டி-கேம் இடத்தைப் பங்கு போடும் எஸ்டிஎம் டெம்ப்ளேட்டை 'ரூட்டிங்' என்று மாற்றி ரீலோட் செய்தேன். சிபியு இறங்கியது.