சூப்பர் நிண்டெண்டோ மினி: தாவல் தாமதம், ஓரம் வெட்டுப்படுகிறது. கோளாறு பெட்டியிலா, டிவியிலா?

தாவும்தவளை

வணக்கம் நண்பர்களே. சூப்பர் நிண்டெண்டோ மினி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நிண்டெண்டோவின் பழைய கன்சோலைச் சுருக்கி, 2017இல் 21 கேம்களோடு வெளியான அந்தக் குட்டிப் பெட்டி. கன்சோலை மட்டும் சுருக்கிவிட்டு கன்ட்ரோலரைப் பழைய அளவிலேயே விட்டிருக்கிறார்கள், புண்ணியவான்கள். பிடித்ததும் விரல்கள் தாமாகவே எல், ஆர் பொத்தான்களைத் தேடிப் போய்விட்டன. அந்த வரைக்கும் சந்தோஷம்.

விளையாட உட்கார்ந்தால்தான் தலைவலி. சூப்பர் மாரியோ வேர்ல்டில் பொத்தானை அழுத்தியபின் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் மாரியோ தாவுகிறார். சூப்பர் பஞ்ச்-அவுட்டில் இன்னும் மோசம்: எதிராளி கையை ஓங்குவதைப் பார்த்து ஒதுங்குவதற்குள் முகத்தில் குத்து விழுந்துவிடுகிறது. படத்தின் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுத் தெரிகிறது. சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸில் எதிரிகள் கூட்டமாக வந்தால் ஆட்டமே நொண்டி அடிக்கிறது. அப்புறம், ஆட்டத்தின் நடுவே டிவியை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தால் விட்ட இடம் போய்விடுகிறது.

டிவி 4கே. மினிக்கு மின்சாரம் அதன் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கிறேன். இதே டிவியில் என் புதுக் கன்சோல் ஒரு தாமதமும் இல்லாமல் ஓடுகிறது, அதனால்தான் மினி மேல் சந்தேகம். போலியை என் தலையில் கட்டிவிட்டார்களோ?

கேட்ரிட்ஜ்ஊதி

முதலில் போலியா என்று பார்த்துவிடுவோம். மெனுவில் ஸ்டார் ஃபாக்ஸ் 2 பூட்டிய நிலையில் இருந்ததா? ஸ்டார் ஃபாக்ஸ் முதல் கேமின் முதல் கட்டத்தை முடித்த பிறகு திறந்ததா? முன்பக்கத்தில் தெரியும் கன்ட்ரோலர் துளைகள் வெறும் அலங்காரம்தான். அந்த முகப்பையே கீழே மடக்கினால் உள்ளே நிஜத் துளைகள் இருக்க வேண்டும். படம் எச்டிஎம்ஐ வழியாகத்தானே வருகிறது? மலிவான போலிகள் பலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட பழைய வயர்தான் இருக்கும். நூற்றுக்கணக்கில் கேம் என்று போட்டு, ஒரே கேமை நாலு பெயரில் வைத்திருப்பார்கள்.

தாவும்தவளை

எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஸ்டார் ஃபாக்ஸ் 2 திறந்துவிட்டது. எச்டிஎம்ஐதான்.

வரிக்கோடு

அப்படியானால் அசல்தான், கவலையை விடுங்கள். தாமதத்தில் பெரும் பங்கு உங்கள் டிவியுடையது. புதுக் கன்சோல் நன்றாக ஓடுவது டிவி நல்லது என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

இன்றைய டிவி உள்ளே வரும் ஒவ்வொரு பிரேமையும், அதாவது அசையும் படத்தின் ஒவ்வொரு தனிப்படத்தையும், பிடித்து வைத்துக்கொண்டு கூர்மையாக்கும், இரைச்சல் நீக்கும், இரண்டு பிரேமுக்கு நடுவே தானே ஒன்றைக் கற்பனை செய்து செருகும். இந்த அலங்காரம் முடிந்துதான் படம் திரைக்கு வரும். இந்த கேம்கள் விநாடிக்கு 60 பிரேம் கணக்கில் ஓடுபவை, அதாவது ஒரு பிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிவிநாடி. அலங்காரத்துக்கு டிவி 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் ஆறு பிரேம் போச்சு. சினிமா பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. பஞ்ச்-அவுட் ஆடுகிறவருக்கு முகத்தில் தெரியும்.

இந்த வேலையை எல்லாம் நிறுத்துவதற்குத்தான் கேம் மோட். இப்போதைய கன்சோல்களும் டிவிகளும் எச்டிஎம்ஐ வழியே பேசிக்கொண்டு அதைத் தாமாகவே போட்டுவிடும். 2017ஆம் ஆண்டுப் பெட்டிக்கு அந்தப் பேச்சு தெரியாது. உங்கள் டிவி மினியை ஏதோ சினிமாப் பெட்டி என்று நினைத்து முழு அலங்காரமும் செய்துகொண்டிருக்கிறது. மினி செருகியிருக்கும் துளையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பட செட்டிங்ஸில் கையால் கேம் மோடைப் போடுங்கள். துளைக்குத் துளை தனி செட்டிங் வைத்திருக்கும் டிவிகள் நிறைய. புதுக் கன்சோலின் துளையில் கேம் மோட் இருப்பதால் இதற்கும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சவுண்ட்பார் வழியாகப் படத்தை அனுப்பினால் அதையும் கழற்றி, நேராக டிவியில் செருகிப் பாருங்கள்.

ஓரம் வெட்டுப்படுவதும் டிவியின் கைவரிசையே. பழைய ஒளிபரப்பில் ஓரத்துக் குப்பையை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் இன்னும் பல டிவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். படத்தின் அளவு பகுதியில் ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ போல ஒன்று இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் அசல் கன்சோலைப் பழைய குழாய் டிவியில் ஆடிய அந்த உடனடித்தனம் முழுதாக வராது, முன்பே சொல்லிவிடுகிறேன். குழாய் டிவி எதையும் பிடித்து வைக்காது. சிக்னல் வர வர வரிவரியாகத் திரையில் வரைந்துகொண்டே போகும். மினிக்குள் பழைய சிப் கிடையாது, அந்தச் சிப்பைப் போலவே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டர்தான் லினக்ஸில் ஓடுகிறது. அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். அதை எந்த செட்டிங்கும் நீக்காது. குழாய் டிவி போனதில் சில கேம்களே போய்விட்டன. 2016இல் வந்த என்இஎஸ் மினியில் (சூப்பர் நிண்டெண்டோவுக்கு முந்தைய கன்சோலின் குட்டி வடிவம்) 30 கேம் உண்டு, துப்பாக்கியால் வாத்து சுடும் டக் ஹன்ட் மட்டும் இல்லை. அந்தத் துப்பாக்கி குழாய் டிவியின் ஒளியை நம்பிக் குறி பார்த்தது. இன்றைய தட்டை டிவியின் முன் அது குருடு.

மூன்றுமடங்கு

கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ் நொண்டுவதைப் பற்றி: அசலும் அப்படித்தான் நொண்டியது நண்பரே! சூப்பர் நிண்டெண்டோவின் செயலி உச்சபட்சமாக 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். திரையில் எதிரிகள் குவிந்தால் அதற்கு மூச்சு வாங்கும். அந்த மூச்சிரைப்பையும் சேர்த்தே எமுலேட்டர் காட்டுகிறது. நொண்டாமல் ஓடியிருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். அந்த மந்தத்தை நம்பித்தான் பலர் அந்த இடங்களைத் தாண்டுகிறார்கள். வேகம் கூடினால் ஆட்டம் இன்னும் கொடூரமாகிவிடும். ஸ்டார் ஃபாக்ஸ் தடதடவென்று ஓடுவதும் இதே கணக்கு. கேட்ரிட்ஜுக்குள் சூப்பர் எஃப்எக்ஸ் என்று தனி சிப் வைத்தும் அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடிந்தது.

டிவியைச் சரிசெய்த பிறகு மினியின் மெனுவில் திரை வகையையும் பாருங்கள். மூன்று உண்டு: குழாய் டிவி போலக் கோடு விழுவது, 4:3, பிக்சல் பெர்ஃபெக்ட். பெயரைப் பார்த்து எல்லோரும் கடைசியையே போடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் நாம் பார்த்த வடிவம் 4:3தான். அசல் படம் 256 பிக்சல் அகலம். பிக்சல் பெர்ஃபெக்டில் அது சரியாக மூன்று மடங்காகி 768 ஆகிறது. ஒவ்வொரு பிக்சலும் ஒழுங்கான சதுரம், கத்தி போலக் கூர்மை, ஆனால் ஆள்கள் எல்லாம் கொஞ்சம் ஒல்லி. 4:3க்கு அதைவிட அதிக அகலம் வேண்டும், மூன்று மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் இடையில். முழு எண்ணாக இல்லாததால் பிக்சல்களின் அகலம் ஒரே சீராக அமையாது. திரை பக்கவாட்டில் நகரும்போது செங்குத்துக் கோடுகளில் மெல்லிய நடுக்கம் தெரியும். ஒல்லி மாரியோவா, நடுங்கும் கோடுகளா, எது தேவலை என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு 4:3.

கேட்ரிட்ஜ்ஊதி

டிவியின் யுஎஸ்பியை விட்டுவிட்டு 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றில் போடுங்கள். பழைய வகை யுஎஸ்பி துளை அரை ஆம்பியருக்குத்தான் பொறுப்பு. பலருக்கு அதிலேயே ஓடுகிறது என்பது உண்மைதான், ஆனால் டிவியை அணைத்தால் அந்தத் துளையும் அணைந்துவிடும், உங்கள் ஆட்டமும் அதோடு போகும். கன்சோலில் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்தி மெனுவுக்கு வந்தால்தான் விட்ட இடம் பதிவாகும். அதைக் கீழே இருக்கும் நான்கு கட்டங்களில் ஒன்றில் போட்டு வைத்துவிட்டு அப்புறம் அணையுங்கள்.

எதற்குஇது

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதே 21 கேமையும் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் ஓட்டலாமே? இல்லை, அசலுக்கு நெருக்கமாக வேண்டும் என்றால் எஃப்பிஜிஏ பெட்டிகள் இருக்கின்றன. பழைய சிப்பின் நடத்தையையே மின்சுற்றாக அமைப்பவை, தாமதமும் மிகக் குறைவு. அனலாக் கம்பெனியின் சூப்பர் என்டி 2018லேயே வந்துவிட்டது. பூட்டிய பெட்டிக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்?

வரிக்கோடு

சூப்பர் என்டியில் போட அசல் கேட்ரிட்ஜ் வேண்டுமே. ராஸ்பெர்ரி பையில் கேம் கோப்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற கேள்விக்குப் பலரிடம் நேர்மையான பதில் கிடையாது. மினியில் அந்த வம்பு இல்லை, உரிமம் பெற்றே வருகிறது. அதைவிட, ராஸ்பெர்ரி பை வாங்கிய என் நண்பர்களில் பாதிப் பேர் கேம் ஆடுவதைவிட பட்டியலை அடுக்குவதில்தான் பொழுதைக் கழிக்கிறார்கள். ஆயிரம் கேம் இருந்தால் எதையும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆடத் தோன்றாது. 21 என்றால் அலுத்துப்போய் எர்த்பவுண்டைத் திறப்போம், திறந்தால் அதிலேயே கிடப்போம். அந்தப் பூட்டுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பிடித்த கேம் அந்த 21க்குள் இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை. கூடுதல் கேம் வாங்கிப் போட அதிகாரபூர்வ வழி கிடையாது. அது பெரிய குறைதான், மறைக்கவில்லை.

தாவும்தவளை

கேம் மோடைப் போட்டேன், மாரியோ கைக்கு வந்துவிட்டார்! நீங்கள் சொன்னது போலவே இரண்டு துளைக்கும் தனித்தனி செட்டிங் இருந்தது. ஓரமும் சரியாகிவிட்டது. பஞ்ச்-அவுட்டில் இன்னும் அடி வாங்குகிறேன், அது என் திறமை என்று விட்டுவிடுகிறேன்.

மிச்சம் ஒன்றுதான். ரீசெட்டுக்காக ஒவ்வொரு தடவையும் எழுந்து போக வேண்டியிருக்கிறது. கன்ட்ரோலர் வயர் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. நீட்ட வழி உண்டா?

கேட்ரிட்ஜ்ஊதி

என்இஎஸ் மினிக்காரர்களை நினைத்துப் பாருங்கள், அவர்களுக்குக் கிடைத்தது முக்கால் மீட்டர் வயர். அதை வடிவமைத்தவர் டிவிக்குள்ளேயே குடியிருந்தாரோ என்னவோ.

வழி உண்டு. அந்த முனை நிண்டெண்டோவின் வீ கன்சோலில் வரும் நன்சக் என்ற துணைக் கன்ட்ரோலரின் முனையேதான். நன்சக்குக்கு என்று விற்கும் நீட்டிப்பு வயர் இதற்கும் பொருந்தும். வீ கிளாசிக் கன்ட்ரோலர் கைவசம் இருந்தால் அதையே செருகலாம். அதன் ஹோம் பொத்தான் உங்களை மெனுவுக்குக் கொண்டுவந்துவிடும், எழுந்திருக்க வேண்டாம். இல்லையென்றால் எச்டிஎம்ஐ வயரையும் மின்வயரையும் நீளமாக வாங்கி, பெட்டியையே உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் அப்படித்தான்.

சுழல்தட்டு

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். பழைய பிளேஸ்டேஷன் கிளாசிக் ஒன்று தருவதாக ஒருவர் சொல்கிறார். டெக்கன் 3க்காகவே எடுக்கலாம் என்று ஆசை. இந்த டிவி வைத்தியம் அதற்கும் பலிக்குமா?

மூன்றுமடங்கு

டெக்கன் 3க்காக என்றால் வேண்டாம் என்பேன். டிவியின் தாமதத்துக்கு மேலே சொன்னது எல்லாம் பலிக்கும். ஆனால் அந்தப் பெட்டியின் பெரிய சிக்கல் கேம் கோப்புகளிலேயே இருக்கிறது. 2018 டிசம்பரில் ஜப்பானுக்கு வெளியே வந்த பதிப்பில் 20 கேம். அவற்றில் ஒன்பது ஐரோப்பாவின் பால் (PAL) பதிப்பு, விநாடிக்கு 50 முறை புதுப்பிக்கும் டிவிக்காக ஆக்கப்பட்டவை. டெக்கன் 3 அந்த ஒன்பதில் ஒன்று. பெட்டி டிவிக்கு அனுப்புவதோ 60. கணக்கு உதைப்பதால் ஐந்து பிரேமுக்கு ஒரு தடவை ஒரு பிரேம் இரட்டிக்கிறது. அசைவு வழுக்கிக்கொண்டு போகாமல் இடறி இடறிப் போகும். பால் பதிப்புக்கென்று வேகத்தைத் திருத்தாத கேமாக இருந்தால் ஆட்டமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். சண்டை கேமுக்கு இதைவிடப் பெரிய சாபம் வேண்டாம். மெனுவில் இதை மாற்ற வழி கொடுக்கவில்லை.

கன்ட்ரோலரும் 1994ஆம் ஆண்டு வடிவம், அனலாக் குச்சி இல்லை. அதனாலேயே ஏப் எஸ்கேப் போன்றவை உள்ளே வர முடியாது. கிராஷ் பாண்டிகூட்டும் கிரான் டூரிஸ்மோவும்கூட இல்லை. ரிட்ஜ் ரேசர் டைப் 4, மெட்டல் கியர் சாலிட், ஃபைனல் ஃபேன்டசி 7 மூன்றும் 60 கணக்கில் வருபவை. அவற்றுக்காக என்றால், குறைந்த விலைக்கு வந்தால், எடுங்கள்.

சுழல்தட்டு

சண்டை கேம்தான் முக்கியம். வேறு எந்த மினி?

மூன்றுமடங்கு

சேகா மெகா டிரைவ் மினியைப் பாருங்கள். 2019, 42 கேம், பழைய கேம்களைப் புது எந்திரத்துக்கு மாற்றுவதில் பெயர் எடுத்த எம்2 கம்பெனி செய்த வேலை. மெனுவின் மொழியை மாற்றினால் அந்தந்த நாட்டுப் பதிப்பே திறக்கும், அவ்வளவு கவனம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உண்டு. ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற பெட்டியில் மூன்று பொத்தான் கன்ட்ரோலர்தான் வரும். அதில் ஸ்டார்ட்டை அழுத்தி அழுத்திக் குத்துக்கும் உதைக்கும் மாற வேண்டியிருக்கும். ஆறு பொத்தான் கன்ட்ரோலர் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், பெட்டியை அப்புறம் எடுக்கலாம்.