குன்னம் உருண்டை முட்டைன்னா அதுக்கு ஓடு எங்க?

ஊட்டத்தூரான்:
பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல கெடச்ச உருண்டைக் கல்லு டைனோசர் முட்டைதான், அதிகாரிங்க மறைச்சுட்டாங்கன்னு ஒரு வீடியோ திரும்பவும் சுத்துது. பாத்ததும் எரிச்சல் ஆயிடுச்சு. 2020 அக்டோபர்லயே நிலவியல் படிச்சவங்க இது அம்மோனைட் (நத்தை மாதிரி சுருண்ட, அழிஞ்சு போன கடல் பிராணி) இருக்குற கடல் படிவுல உருவான உருண்டைன்னு சொல்லியாச்சு. முட்டைன்னா ஓடு இருக்கணும். ஓடு எங்க?

குன்னம் மண்ணு:
எங்க ஊர்ல கெடச்சதுக்கு ஊட்டத்தூர்ல உக்காந்து தீர்ப்பா? நான் கையில எடுத்துப் பாத்தவன். மேல ஒரு படலம் உரிஞ்சு வருது, உள்ள வேற கலர். அதுதான் ஓடு.

ஊட்டத்தூரான்:
அது ஓடு இல்லீங்க. கடலடி சேத்துல ஒரு சிப்பியோ அம்மோனைட்டோ கெடந்தா அத சுத்தி சுண்ணாம்பு சத்து இறுகி இறுகி உருண்டையாகும், அப்புறம் வெயிலும் மழையும் பட்டா வெங்காயம் மாதிரி உரியும். டைனோசர் முட்டை ஓடுன்னா சில மில்லிமீட்டர் தடிமன்தான், மெல்லிசா சீவி மைக்ரோஸ்கோப்ல வச்சா காத்து போற துளை தெரியும். குஜராத் பாலாசினோர்ல கெடச்சதுல ஓடு இருக்கு. உங்க உருண்டையில அந்த துளைய காட்டுங்க.

குன்னம் மண்ணு:
எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாத்தேன், நுரைச்சுது. முட்டை ஓடு மாதிரியேதான் நுரைச்சுது.

ஊட்டத்தூரான்:
சுண்ணாம்பு இருந்தா எதுவும் நுரைக்கும். கல்லங்குறிச்சி சுரங்கத்துல எந்த சுண்ணாம்புக்கல்ல எடுத்து ஆசிட் ஊத்தினாலும் நுரைக்கும், அதுக்காக அங்க கெடக்குறதெல்லாம் முட்டையா? ஓடு எங்கன்னுதான் கேக்குறேன்.

கல்லமேடு ரசிகன்:
கல்லமேட்டுல டைனோசர் எலும்பே கெடச்சிருக்கு, புருகத்காயோசாரஸ்னு பேரே வச்சாச்சு. எலும்பு இருக்குற பக்கம் முட்டை மட்டும் இருக்கக் கூடாதா? அதையே மொதல்ல மாமிசம் தின்னதுன்னாங்க, அப்புறம் நீளக் கழுத்து தாவரம் தின்னின்னு மாத்தினாங்க. நாளைக்கு இதையும் மாத்துவாங்க.

ஊட்டத்தூரான்:
கல்லமேடு ஆத்துப் படிவு, டைனோசர் காலத்தோட கடைசிப் பகுதி. குன்னம் பக்கம் இருக்குறது கடல் படிவு, அதுக்கு ரொம்ப முந்தினது. ரெண்டையும் ஒண்ணா சேத்து பேசுறது என்ன நியாயம்? அந்த எலும்பும் உதிர்ந்து பொடியாப் போச்சு, இன்னிக்கு எடுத்துப் பாக்க ஒண்ணும் இல்ல.

சாத்தனூர் பொண்ணு:
அண்ணா, எங்க சாத்தனூர்ல 18 மீட்டர் மரம் கல்லாகி கெடக்கே, அதுவும் கடல் படிவுலதான? மரம் அடிச்சுட்டு வந்தா முட்டையும் அடிச்சுட்டு வரலாமில்ல?

ஊட்டத்தூரான்:
மரம் மிதக்கும்மா, மிதந்து வந்து ஊறி முங்கும். ஒண்ணு ரெண்டு முட்டை தப்பி வந்துச்சுன்னே வச்சுக்குவோம், அதுக்கும் ஓடு இருக்கணுமே. இவங்க காட்டுறது ஒண்ணு கொய்யா சைஸ், ஒண்ணு பரங்கிக்கா சைஸ், எல்லாம் ஒரே எடத்துல. எந்தத் தாய் இப்படி சைஸ் சைஸா முட்டை போடும்?

அரியலூர் சிங்கம்:
சண்டை போடுற எல்லாரும் வாரணவாசி ஃபாசில் மியூசியத்துக்கு வந்து பாத்துட்டு பேசுங்க. இதெல்லாம் அரியலூர் ஃபாசில்னுதான் உலகத்துக்கே தெரியும்.

குன்னம் மண்ணு:
காரை, சாத்தனூர், குன்னம் எல்லாம் பெரம்பலூர் மாவட்டம். கல்லு எங்களது, பேரும் மியூசியமும் உங்களுக்கா? 2007ல தனி மாவட்டமா பிரிஞ்சு போனீங்க, பேரையும் தூக்கிட்டுப் போயிட்டீங்க.

ஊட்டத்தூரான்:
பிளான்ஃபோர்டுன்னு ஒரு வெள்ளைக்கார நிலவியலாளர் 1860கள்ல இந்தப் பாறைய மூணு படிவா பிரிச்சு பேர் வச்சப்ப ரெண்டு மாவட்டமும் கெடையாது, எல்லாமே திருச்சிதான். மூணுல அடியில இருக்குற மூத்த படிவுக்கு எங்க ஊட்டத்தூர் பேருதான் வச்சாரு. பேச்ச மாத்தாம முட்டை ஓடு எங்கன்னு பதில் சொல்லுங்க.

குன்னம் மண்ணு:
பாத்தீங்களா, கடைசியில இவர் ஊர் பெருமைக்குத்தான் வந்தாரு. காரை செம்மண் மேட்டுல மழை விட்டதும் போய் பெலம்னைட்ட (கணவா மாதிரி பழைய கடல் பிராணியோட ஃபாசில்) பை நெறைய பொறுக்கிட்டு வந்து அலமாரியில அடுக்கி போட்டோ போட்டது யாரு? நாங்க முட்டைன்னு சொன்னா தப்பு, நீங்க அள்ளிட்டுப் போனா ஆராய்ச்சியா?

சாத்தனூர் பொண்ணு:
அந்த போட்டோ நானும் பாத்தேன். எந்த மேடு, எந்த அடுக்குன்னு ஒரு சீட்டு கூட ஒட்டல. எடம் தெரியாத ஃபாசில வச்சு யார் என்ன படிக்க முடியும்?

ஊட்டத்தூரான்:
மழையில கழண்டு ஓடையில கெடந்தது அது. நான் எடுக்கலன்னா லாரி டயர் ஏறி மாவாகும். இடம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

குன்னம் மண்ணு:
அப்ப நோட்ட போட்டோ எடுத்து போடுங்க.

ஊட்டத்தூரான்:
மொதல்ல முட்டை ஓட்ட காட்டுங்க, அப்புறம் நோட்டு.

அரியலூர் சிங்கம்:
ரெண்டும் வராது. காரையில வழிச்சு அள்ளினது பத்தாதுன்னு இப்ப சண்டை வேற. பள்ளிக்கூடப் பசங்கள கூட்டிட்டுப் போனா காட்ட ஒரு முழு அம்மோனைட் அங்க மிச்சம் இல்ல.